கணவருக்கு 7-ஆம் வரிசை, மனைவிக்கு 26-ஆம் வரிசை: ஏன்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்ந்து விமானம் ஏறியவர்களை எட்ட எட்ட உட்கார வைத்துவிட்டார்கள் என்ற குறை வாசகர் கடிதங்களில் அவ்வப்போது வருகிறது. வயதான தம்பதி, முதல் முறை விமானம் ஏறும் தாயும் மகளும், அறுவை சிகிச்சை முடிந்து திரும்புகிறவரும் அவருக்குத் துணையாக வந்தவரும் என்று பாதிக்கப்படுவோர் பலர். கோபம் நியாயம்தான். ஆனால் அது பாய்வது பெரும்பாலும் விமான நிலையக் கவுன்டரில் இருப்பவர் மேல். அந்த நேரத்தில் அவரிடம் கொடுப்பதற்கு அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது. பக்கத்து இருக்கை கிடைக்குமா கிடைக்காதா என்பது டிக்கெட் போடும்போதே முக்கால்வாசி தீர்மானமாகிவிடுகிறது. டிக்கெட் போட்டுத் தரும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில், அது எப்படி நடக்கிறது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

உள்நாட்டில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்வோம். 186 இருக்கை வைத்த அமைப்பில் 31 வரிசைகள், வரிசைக்கு ஆறு பேர். ஏ ஜன்னல், பி நடு, சி நடைவழி ஓரம். அந்தப் பக்கம் டி ஓரம், இ நடு, எஃப் ஜன்னல். தனியாகப் போகிறவர் யாரும் நடு இருக்கையைத் தேடி எடுப்பதில்லை. ஜன்னலும் ஓரமும் முதலில் போகும். கடைசியில் மிஞ்சுவது பி-யும் இ-யும். ஒரு விமானத்தில் இந்த நடு இருக்கைகள் மட்டும் 62. அந்த 62-ம் காலியாகவே இருந்தாலும், அதாவது விமானத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தாலும், இருவர் சேர்ந்து உட்கார ஓர் இடம்கூட இல்லை. ‘இவ்வளவு சீட் காலி என்று காட்டுகிறது, எங்களுக்கு மட்டும் சேர்த்துத் தரமாட்டேன் என்கிறார்கள்’ என்ற புகாரில் பாதி இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

மீதிப் பாதி, பணம் கட்ட வைப்பதற்காக வேண்டுமென்றே பிரிக்கிறார்களோ என்ற சந்தேகம். பிரிட்டனில் இந்தச் சந்தேகம் வலுத்ததால் அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமே 2018-ல் விமான நிறுவனங்களின் இருக்கை ஒதுக்கும் முறையை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் கணினி எந்த வரிசைப்படி இருக்கை ஒதுக்குகிறது என்பது வெளியே தெரியாது. பயணிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கணினி தானாகத் தருவதை நம்பிக் காத்திருந்தால் சேர்ந்த இருக்கை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒருவருக்கு மட்டும் பணம் கட்டி இருக்கை எடுத்தால் மற்றவர் தானாகவே அவர் பக்கத்தில் வந்துவிடுவார் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் எந்த உத்தரவாதமும் கிடையாது.

இனி, இருவர் பிரிந்துபோவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம். அது கட்டண அடுக்கில் தொடங்குகிறது. ஒரே விமானத்தில் ஒரே மாதிரி இருக்கைகளே பல விலைகளில் விற்கப்படுகின்றன. ஒவ்வொரு விலைக்கும் இத்தனை இருக்கை என்று கணக்கு உண்டு. குறைந்த விலையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும்போது இருவருக்கு என்று தேடினால், பெரும்பாலும் இருவருக்குமே அடுத்த விலையைத்தான் கணினி காட்டும். இதைக் கண்டுகொண்டவர்கள் தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டு ஒருவர் கட்டணத்திலாவது மிச்சம் பிடிக்கிறார்கள். மிச்சம் நிஜம்தான். ஆனால் அப்போதே அவர்கள் இரண்டு பி.என்.ஆர். எண்களாக, அதாவது இரண்டு தனித்தனிப் பதிவு எண்களாகப் பிரிந்துவிட்டார்கள். கணினியைப் பொறுத்தவரை அவர்கள் இனி ஒருவரை ஒருவர் அறியாத இரு பயணிகள். விமானம் ரத்தானால் ஒருவரைக் காலை விமானத்திலும் மற்றவரை மாலை விமானத்திலும் ஏற்றிவிடவும் கூடும்.

ஒரு பி.என்.ஆரை இரண்டாகப் பிரிக்கலாம். தனித்தனியாகப் போட்ட இரண்டை ஒன்றாக்க வழியில்லை. பலருக்கு இது தெரியாது. ‘போன் பண்ணி ஒண்ணாக்கிக்கலாம்’ என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாகப் போடுகிறார்கள். போன் செய்தால் அதிகபட்சம் நடப்பது, ஒரு பதிவில் மற்றதன் எண்ணைக் குறிப்பாக எழுதி வைப்பது. முழுச் சேவை நிறுவனங்களில் இப்படிக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. முகவர் மூலம் டிக்கெட் போட்டிருந்தால் அவரையே கேட்கலாம். ஊழியர் பார்த்தால் அந்தக் குறிப்பு உதவும். தானாக இருக்கை ஒதுக்கும் கணினி அதைப் பொருட்படுத்தும் என்று நம்ப வேண்டாம்.

தமிழர்களுக்கு இதில் கூடுதல் சங்கடம் ஒன்று. நம் வீடுகளில் கணவன், மனைவி, பிள்ளை மூவரின் கடைசிப் பெயரும் மூன்றாக இருக்கும். ஒருவர் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர், இன்னொருவருக்குக் கணவர் பெயர், மூன்றாமவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே வெறுமை. இரண்டு பி.என்.ஆரில் இருக்கும் இவர்கள் ஒரே குடும்பம் என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்து எந்த ஊழியராலும் ஊகிக்க முடியாது. ஆகவே நமக்கு ஒரே பி.என்.ஆர். என்பது மற்றவர்களைவிட அதிகம் தேவை. பொதுவாக ஒரு பி.என்.ஆரில் ஒன்பது பேர் வரை போடலாம். பத்தாவது ஆள் சேர்ந்தால் குழுப் பதிவாக மாறும். அதற்கு விதிகள் வேறு.

தனித்தனியாகப் போட்டாயிற்று என்றால் என்ன வழி? சில நூறு ரூபாய் கட்டி, இரண்டு பதிவிலும் ஒரே நேரத்தில் இருக்கை எடுப்பதுதான் உறுதியான வழி. இரண்டு திரைகளில் இரண்டு பதிவுகளையும் திறந்து வைத்து, இருக்கை வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து இடத்தைப் பார்த்துவிட்டு, முதலில் ஒன்றுக்குப் பணம் கட்டி, உடனே மற்றதற்குக் கட்ட வேண்டும். பணம் கட்டாமல் தேர்வு மட்டும் செய்து வைத்த இருக்கை சில நிமிடங்களில் விடுபட்டுவிடும். வங்கியிலிருந்து பணம் போய்விட்டது, இருக்கை மட்டும் பதிவாகவில்லை என்பதும் நடக்கிறது. அதனால் இருக்கை எண் அச்சிட்ட மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்த பிறகே திரையை மூடுங்கள். மதுரையிலிருந்து சென்னை வழியாக டெல்லி போகிறீர்கள் என்றால் இரண்டு விமானம். இருக்கையை இரண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். முதல் விமானத்துக்கு எடுத்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள் ஏராளம்.

பணம் கட்ட விருப்பமில்லை என்றால் வெப் செக்-இன் (இணையத்திலேயே போர்டிங் பாஸ் எடுப்பது) திறக்கும் நேரம்தான் உங்கள் நேரம். சில நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு 48 மணி முன்பும் சிலவற்றில் 24 மணி முன்பும் திறக்கும். உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று மாறுவதும் உண்டு. உங்கள் டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்து அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த முதல் அரை மணியில் கட்டணமில்லா இருக்கைகளில் ஜோடியாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அவை பெரும்பாலும் பின் வரிசைகளில் இருக்கும். இங்கே செய்யும் தவறு ஒன்று: பயணிகள் பட்டியலில் முதல் பெயர் மட்டும் டிக் ஆகியிருக்கும். அப்படியே தொடர்ந்தால் ஒருவருக்கு மட்டும் போர்டிங் பாஸ் வந்துவிடும். இன்னொருவருக்கு மாலையில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் பக்கத்து இருக்கை போயிருக்கும். எல்லாப் பெயர்களையும் டிக் செய்துவிட்டு மேலே போகவும்.

அடுத்த திரையில் இருக்கை வரைபடம் வரும். கட்டண இருக்கைகளை வண்ண வண்ணமாகக் காட்டி, ‘இப்போது வேண்டாம்’ என்ற வாசகத்தை ஒரு மூலையில் சிறிய எழுத்தில் வைத்திருப்பார்கள். அந்த வாசகம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். இருக்கைத் தேர்வுக் கட்டணம் பயணி விரும்பி ஏற்றால் மட்டுமே என்பது, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. கேட்காத சேவையைக் கட்டணப் பட்டியலில் நைசாகச் சேர்ப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகளும் முறையற்ற செயலாகப் பட்டியலிட்டுள்ளன. கடைசித் தொகையைச் செலுத்துமுன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

வெப் செக்-இன் செய்யாமல் நேரே கவுன்டருக்குப் போனால் போர்டிங் பாஸுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையில் தெளிவுபடுத்தியது. கவுன்டரை நம்புவதில் ஒரு நன்மையும் உண்டு. சில இருக்கைகளை நிறுவனங்கள் கடைசி வரை பூட்டி வைத்திருந்து, விமான நிலையத்தில்தான் திறப்பார்கள். கவுன்டர் திறந்தவுடன் நிற்பவருக்கு அவை கிடைக்கக்கூடும். மூடும் தறுவாயில் போய் நிற்பவருக்கு 24-பி, 29-இ என்றுதான் கிடைக்கும். இது சீட்டாட்டம் மாதிரி; நிச்சயமாகச் சேர்ந்து உட்கார வேண்டியவர்கள் ஆடக் கூடாது.

எந்த விமானம் என்று பார்த்து இருக்கை எடுப்பது தனிக் கலை. சேலம், யாழ்ப்பாணம் போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 என்ற சிறு விமானத்தில் இந்தத் தொல்லையே பாதிதான்: இப்பக்கம் இரண்டு, அப்பக்கம் இரண்டு, நடு இருக்கை கிடையாது. (பயணிகள் ஏறி இறங்கும் கதவு இதில் பின்பக்கம். முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டியவர்தான் கடைசியில் இறங்குவார்!) தொலைதூர விமானங்களில் ஏ330 இருவருக்கு உகந்தது, 2-4-2 என்ற அமைப்பு, ஜன்னலோரம் இருவர் மட்டும். போயிங் 787-ல் பொதுவாக 3-3-3. போயிங் 777-ல் பல நிறுவனங்கள் 3-4-3 வைத்திருக்கின்றன. மூன்று பேர் பகுதியில் இருவர் உட்கார்ந்தால் முன்பின் தெரியாத மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும், அல்லது அவர் உங்களைத் தாண்டிப் போவார்.

எழுத்துகளைப் பார்த்துக் கலங்குகிறவர்களும் உண்டு. 2-4-2 விமானங்கள் பலவற்றில் ஏ-வுக்குப் பக்கத்தில் சி வரும், பி இருக்காது. சி என்ற எழுத்து நடைவழி ஓரத்துக்கு என்று வழக்கமாகிவிட்டதால் பி-யை விட்டுவிடுகிறார்கள். 14-ஏ, 14-சி என்று போர்டிங் பாஸில் பார்த்துவிட்டு நடுவில் வேறு யாரோ என்று கவுன்டரில் சண்டை பிடிக்க வேண்டாம். ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் 1 என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் இருக்கை எழுத்துகளில் வராது. எச்-க்கு அடுத்து ஜே அல்லது கே.

3-3 விமானத்தில் ஏ-யும் சி-யும் எடுத்துவிட்டு நடுவில் யாரும் வராமல் போகட்டும் என்று காத்திருக்கும் தந்திரம் உண்டு. பின்வரிசைகளில், கூட்டமில்லாத நாளில் பலிக்கும். யாராவது வந்துவிட்டாலும் நட்டமில்லை. ஜன்னலையோ ஓரத்தையோ கொடுத்தால் நடு இருக்கைக்காரர் மகிழ்ச்சியாக மாறிக்கொள்வார். இருவருக்குமே அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், கால் நீட்ட வேண்டும் என்றால் சி-யும் டி-யும் எடுக்கலாம். நடைவழிதான் குறுக்கே, பேசலாம், மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம்.

பணம் கட்டி எடுத்த இருக்கையும் கலையும். புறப்படும் நேரம் மாறினாலோ, நீளமான ஏ321-க்குப் பதில் ஏ320 அனுப்பினாலோ பழைய வரைபடம் புதியதோடு பொருந்தாது. 36-ஆம் வரிசை எடுத்தவருக்கு 31 வரிசை விமானத்தில் இடம் எங்கே? கணினி அவரைக் கிடைத்த இடத்தில் போடும். அதனால் நேர மாற்றம் என்று குறுஞ்செய்தி வந்தாலே பதிவைத் திறந்து இருக்கை எண்ணைச் சரிபாருங்கள். முதல் நாள் இன்னொரு முறையும் பார்க்கலாம். கட்டிய இருக்கை நிறுவனத்தின் காரணத்தால் மாறியிருந்தால் அந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்காமல் வந்துவிடும் என்று இருக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானம் வரும். உதாரணத்துக்கு, ஏர் இந்தியா எண் போட்ட டிக்கெட், பறப்பது லுஃப்தான்சா. டிக்கெட் விற்றவரின் தளத்தில் இருக்கை எடுத்தால் அது பறக்கும் நிறுவனத்துக்குப் போய்ச் சேராமலிருக்கலாம். விற்ற நிறுவனத்திடம் ‘இயக்கும் நிறுவனத்தின் பி.என்.ஆர். என்ன?’ என்று கேட்டு வாங்கி, அந்த ஆறு எழுத்தைப் பறக்கும் நிறுவனத்தின் தளத்தில் போட்டு அங்கேயே இருக்கை எடுக்க வேண்டும். இணைய இடைத்தரகுத் தளங்களில் ‘சீட் விருப்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இருக்கை எண் உறுதியாகாத வரை அது வெறும் விண்ணப்பம்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் நம் பக்கம். 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. சொன்னபடி, 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவர் பக்கத்திலாவது இருக்கை ஒதுக்க வேண்டும்; அதற்குப் பதிவேடும் வைக்க வேண்டும். ‘அதே பி.என்.ஆர்.’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்பாவின் டிக்கெட் அலுவலகக் கணக்கில் தனியாக, அம்மாவும் பிள்ளையும் வேறு பி.என்.ஆரில் என்றால் அப்பாவுக்கு இந்த விதி உதவாது. பிள்ளைக்கு மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று தனியாகப் போட்டால் விதியின் பாதுகாப்பையே இழக்கிறீர்கள். ‘ஒருவர்’ என்பதும் முக்கியம்; நால்வர் குடும்பம் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தை என்றால் கணக்கு வேறு. மூன்று இருக்கைப் பகுதியின் தலைக்கு மேல் வழக்கமாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகள்தான் இருக்கும். ஆகவே ஒரு பகுதிக்கு ஒரு மடிக்குழந்தை. இரட்டைக் குழந்தைகளோடு போகும் பெற்றோரைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார விடாததற்கு இதுதான் காரணம், ஊழியரின் பிடிவாதமில்லை. அவர்களுக்குச் சி-யும் டி-யும், அல்லது முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையும்தான் சரிப்படும். இதை டிக்கெட் போட்ட கையோடு தொலைபேசியில் சொல்லி உறுதி செய்யாவிட்டால் விமானத்துக்குள் ஏறிய பிறகு இடம் மாற்றுவார்கள்.

முதியோருக்குச் சக்கர நாற்காலி கேட்கும்போது இன்னொரு சிக்கல். அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் தாராளம் என்று மகன் பணம் கட்டி எடுத்திருப்பார்; பிறகு அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்பார். உதவி தேவைப்படுவோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் அவசர வழி வரிசையில் உட்காரக் கூடாது. அம்மாவை மட்டும் வேறு வரிசைக்கு மாற்றிவிடுவார்கள். மகன் அங்கேயே இருப்பார். முதலில் உதவிக் கோரிக்கை, பிறகு இருக்கை என்ற வரிசையில் செய்யுங்கள். கோரிக்கையில் எந்த வகை என்பதும் தெளிவாக இருக்கட்டும்: படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்பது ஒரு வகை, படி ஏற முடியாது, விமானத்துக்குள் நடக்க முடியும் என்பது இன்னொன்று, இருக்கை வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாம் வகையினருக்குத் துணையாளர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு அவசியம் என்று எந்த ஊழியருக்கும் விளக்க வேண்டியதில்லை; ஆனால் துணையாளரின் பெயர் அதே பதிவில் இருந்தாக வேண்டும். பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களிலிருந்து பெற்றோரை அழைத்து வருவோர், 1107/2006 என்ற ஒழுங்குமுறையைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். உதவி தேவைப்படும் பயணியின் துணையாளருக்குப் பக்கத்து இருக்கை தர நிறுவனம் இயன்ற முயற்சி அனைத்தும் எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

எல்லாம் தவறி, விமானத்துக்குள் நின்றுகொண்டு இடம் மாற்றிக் கேட்பதுதான் மிச்சம் என்றால், கேட்பதிலும் முறை உண்டு. உங்களிடம் இருப்பதில் நல்லதைக் கொடுத்து மற்றவரின் நடு இருக்கையைக் கேளுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல், ஓரத்துக்கு ஓரம் என்றால் பலர் சம்மதிப்பார்கள். பணம் கட்டி முன்வரிசை ஜன்னல் எடுத்தவரைக் கடைசி வரிசை நடு இருக்கைக்குப் போகச் சொல்லிவிட்டு, ‘மனிதாபிமானமே இல்லை’ என்று முணுமுணுப்பது அநியாயம். கூட்டம் ஏறி முடியும் வரை பொறுத்து, பணிப்பெண்ணிடம் சொல்லி மாறுங்கள். ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களில் எடைச் சமநிலைக்காக இன்னார் இன்ன இடத்தில் என்று கணக்கிட்டிருப்பார்கள். சொல்லாமல் மாறக் கூடாது.

பயணிகள் செய்ய வேண்டியதை இவ்வளவு சொன்னாலும் நிறுவனங்களையும் விட்டுவிடுவதற்கில்லை. ஒரே பதிவில் உள்ளவர்கள் பிரிந்து உட்கார நேரலாம் என்பதை, டிக்கெட்டுக்குப் பணம் வாங்கிய பிறகு செக்-இன் திரையில் சொல்லிப் பயனில்லை. பணம் வாங்குமுன் சொல்ல வேண்டும். ‘இப்போது வேண்டாம்’ என்ற பொத்தானும் ‘பணம் செலுத்து’ என்ற பொத்தானும் ஒரே அளவில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் விமானங்களுக்காவது செக்-இன் திரை முழுவதும் தமிழில் வேண்டும். இருக்கையை விரும்பாமல் வாங்குகிறவர்களில் பலர், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் வாங்குகிறவர்கள்.

கட்டிய கட்டணம் திரும்பி வராதவர்களும், குழந்தையைப் பிரித்து உட்கார வைக்கப்பட்டவர்களும் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பி.என்.ஆர்., பழைய இருக்கை எண் இருந்த மின்னஞ்சல், புதிய போர்டிங் பாஸின் படம், பணம் கட்டிய ரசீது ஆகிய நான்கும் இணைப்பில் இருக்கட்டும். போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிட்டால் இருக்கை மாறியதை நிரூபிப்பது கடினம். பதில் திருப்தியில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் அதே ஆவணங்களோடு புகாரைப் பதிவு செய்யலாம்.

இப்படிக்கு,
பயணச்சீட்டு முகவர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.